ஃபாரத்தில் செத்தவர்

கல்வராயன்மலை
11.3.2025

அன்பு மகள் பவானிக்கு அம்மா சாமியம்மாள் எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். உன் தம்பி முருகவேல் நன்றாக இருக்கிறான். பசுவும் கன்றும் நன்றாக இருக்கின்றன, மரவள்ளி இந்த வருஷம் பரவாயில்லை, டில்லியில் குளிர் விட்டுவிட்டதா, உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே. இந்த வீட்டில் நன்றாக இருக்கிறவர்கள் இவ்வளவு பேர்தான்.

என் கணவர் இறந்துவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தை நான் தப்பில்லாமல் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் தாய்மார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடத்திய எழுத்து வகுப்பில் எனக்கு முதன்முதலாக எழுதிக் காட்டி, பார்த்து எழுதச் சொன்னது இதைத்தான், உனக்கு உதவி செய்த வெள்ளைக்கார அம்மாவுக்கு வருஷா வருஷம் நன்றிக் கடிதம் போட வேண்டுமே. பதினான்கு கிறிஸ்துமஸுக்கு எழுதினேன். நான் எழுதும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, "இன்னா, இந்த வருசமும் சாவடிச்சிட்டியா" என்று கேட்பார். இப்போது கேட்க ஆளில்லை. போன வெள்ளிக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் போய்விட்டார். நெஞ்சுச் சளி முற்றி மூச்சுக்கு இடமில்லாமல் போய்விட்டது. டாக்டர்கள் பார்க்கத்தான் பார்த்தார்கள், நாங்கள் கொண்டுபோனதே தாமதம். அன்று சாயங்காலமே மேலே கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டோம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், என்ன ஆச்சு என்று கேட்பார்கள், நீ யார் செத்ததாகச் சொல்வாய். இருபது வருஷத்துக்கு முன்னால் செத்தவர் மறுபடி எப்படிச் செத்தார் என்று அவர்களுக்கு விளக்க முடியுமா, அதற்கு லீவுதான் தருவார்களா. கடிதமென்றால் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் படிக்கலாம். இதுவும் ஒரு காரணம்தான், ஆனால் எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். உன் தம்பி ஆஸ்பத்திரி வாசலிலேயே போனை எடுத்தான், நான்தான் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். முகமே ஞாபகமில்லாதவளுக்கு எதற்குக் கடைசியாக முகம் பார்ப்பது என்று அவனிடம் சொன்னேன். எந்தப் பேச்சைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், அதற்கும் வருகிறேன். அது கோபத்தில் செய்தது. இப்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் குழியை மூடிவிட்டார்கள்.

உனக்கு அப்போது ஆறு வயசு. தீனதயாளன் பாஸ்டர் ஜீப்பில் மேலே வந்து, ஹாஸ்டலில் நான்கே இடம்தான் இருக்கிறது, தகப்பனில்லாத பிள்ளைகளுக்கு முதலில் என்றார். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ரங்கம்மாள், புருஷன் இருக்கிறான் என்று உள்ளதைச் சொன்னாள். அவள் பெண் கவியாவின் பெயரைக் கடைசியில் எழுதிக்கொண்டார்கள், கடைசியில் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது எழுத்து தெரியாத எனக்கே புரிந்தது. அடுத்தது நான். பாஸ்டர் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே தகப்பன் என்றபோது உன் அப்பா பலாமரத்தடியில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். செத்துட்டாருங்க என்றேன். எப்படி என்றார். கடுக்காய் பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்துட்டாருங்க என்றேன். அங்கே பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்றார். என் அண்ணன் என்றேன். பாஸ்டர் கண் கலங்கிப் போய் என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார், பிறகு உன் அப்பாவிடம் போய், தங்கச்சியையும் பிள்ளைகளையும் நீங்கதான் பாத்துக்கணும் என்றார். உன் அப்பா உன்னைக் கீழே இறக்கிவிட்டு, "பாத்துக்கறேங்க ஐயா" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "சாராயத்துல செத்தேன்னு சொல்லாம வுட்டியே, அது வரைக்கும் நல்லது" என்று மட்டும் சொன்னார்.

ஹாஸ்டலை நான் குறை சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. மூன்று வேளை சோறு போட்டார்கள், உனக்குக் காமாலை வந்தபோது வார்டன் அம்மா பதினொரு நாள் பக்கத்திலேயே படுத்தார்கள், சாமி பேரைச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நர்சிங் சேர்க்கிற வரைக்கும் கையை விடவில்லை. இன்றைக்கு அவர்கள் டில்லி ஆபீஸிலேயே உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில்தான் என்னுடையது.

மாதத்தில் ஒரு ஞாயிறு உன்னைப் பார்க்க விடுவார்கள். பஸ்ஸில் இறங்கினதும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் போய்ப் பொட்டை அழித்துவிட்டுத் தாலியைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொள்வேன். வீடு பார்க்க ஹாஸ்டல் ஆட்கள் மேலே வருகிற நாளில் உப்புப் பானைக்குள் போட்டுவைப்பேன், நூல் உப்பில் ஊறிப் பல தடவை மாற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப நம் வீட்டு முன்னால் படம் எடுப்பார்களே, அப்போது உன் அப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விடுவார், முருகவேலையும் தூக்கிக்கொண்டு போவார், அவன் குழந்தை, அப்பா என்று கத்திவிடுவான். நீ கத்தவில்லை. உனக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டாய். முதலில் ஹாஸ்டல் வாசலில் மாமா என்றாய், பிறகு பஸ்ஸில், பிறகு லீவுக்கு வந்தபோது நம் வீட்டுக்குள்ளேயே மாமா என்றாய். நான் திருத்தப் பார்த்தேன், அவர்தான் வேண்டாம் என்றார். வீட்டில் ஒன்று வெளியில் ஒன்று என்றால் புள்ளைக்கு வாய் தவறிடும், பழகட்டும் என்றார். பழகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹாஸ்டல்காரர்களின் சென்னைக் கூட்டத்தில் நீ மேடையில் பேசினதை முருகவேல் போனில் போட்டுக் காட்டினான். சென்னை வரைக்கும் வந்தவளுக்கு மலை ஏற நேரமில்லை, வேலை என்றாய், சரி. நீ நல்ல புடவை கட்டியிருந்தாய், ஒடிசலாகத் தெரிந்தாய், ஒழுங்காகச் சாப்பிடு. உன் அப்பா போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். எனக்கு ஆறு வயதில் அப்பா இறந்தார், அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை என்று நீ சொன்னாய், சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாய், கீழே உட்கார்ந்திருந்தவர்களும் துடைத்தார்கள். இன்னொரு வாட்டி போடு என்றார். மூன்று தடவை போடச் சொன்னார். கடைசியில், "நல்லாத்தான் பேசுது புள்ள" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், அன்றைக்கு மாட்டுக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டினார். செத்தார் என்று சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தது நான், அதற்கு எந்தச் சாமியும் என்னை மன்னிக்க வேண்டாம். முகம் ஞாபகமில்லை என்று சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தது யார், பவானி. அதை எந்த ஃபாரத்திலும் கேட்கவில்லையே.

போன வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு உனக்கு ஒரு போன் வந்ததே, ஞாபகம் இருக்கும். அது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்தது. அவரேதான் கேட்டார், புள்ளைக்குப் போடுடா என்று முருகவேலிடம். நீ எடுத்து, அவர் குரலைக் கேட்டதும், "சொல்லுங்க மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாய். நாங்கள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான், நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். மூச்சு வாங்குகிறவர் ஒரே இழுப்பில் அவ்வளவு சொன்னது எங்களுக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. நீ தப்பு செய்தாய் என்று இதை எழுதவில்லை, உனக்கு எப்படித் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடக்கத்தன்று ரங்கம்மாள்தான் எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். அவள் பெண் கவியாவைப் பதினாலு வயசில் கட்டிக்கொடுத்தது, இப்போது கேரளாவில் எஸ்டேட்டில் இருப்பது எல்லாம் உனக்குத் தெரியும். நான் அன்றைக்குச் சொன்ன பொய்யை இத்தனை வருஷம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் நெசத்தச் சொல்லி எம் பொண்ணத் தொலைச்சேன், நீ பொய்யச் சொல்லி ஒம் பொண்ணத் தொலைச்ச, சாப்புடுக்கா" என்றாள். சாப்பிட்டேன். பசித்தது.

வருகிற 22ஆம் தேதி சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அன்றைக்குத் தாலியை எடுக்க வேண்டும், பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். எனக்கு அழுகை வருமா என்று பயமாக இருக்கிறது, இத்தனை தடவை கழற்றினதில் கழுத்துக்கு அது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. முருகவேல் சங்கராபுரத்தில் அய்யப்பன் கடையில் பேனர் அடிக்கக் கொடுத்திருக்கிறான், நம் ஊர் பஸ் நிற்கிற இடத்தில் கட்டுவதற்கு. உன் அப்பாவை நாம் ஒரு படமும் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, ஆதார் கார்டில் இருப்பதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பெயர்கள் வர வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் பெயரில்லாமல் மனைவி, மகன் என்று மட்டும் போட்டால் வெளியாருக்குச் சந்தேகம் வராது. அக்கா பெயரே வேண்டாம் என்றான் உன் தம்பி. போடத்தான் வேண்டும் என்றேன். எந்த முறையில் போடுவது என்று கேட்டான். மகள் என்று போட்டால் அடுத்த வாரம் பாஸ்டர் ஹாஸ்டலுக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க மேலே வருகிறார், அந்தப் பேனருக்கு அடியில்தான் ஜீப்பை நிறுத்துவார். அவர் நல்ல மனுஷர், ஆனால் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர். உன் வேலை போகும், மேடை போகும். போடாவிட்டால் என் அண்ணன் என்று நான் சொன்ன பேச்சுப்படி, தங்கச்சி மகள் முறையில் உன்னை மருமகள் என்று போட வேண்டும்.

இதை நான் முடிவு செய்யமாட்டேன். ஆறு வயசில் உனக்காக நான் முடிவு செய்தது போதும். 19ஆம் தேதி புதன்கிழமை வரைக்கும் அய்யப்பன் அச்சடிக்காமல் காத்திருக்கிறான். மகள் என்று போடச் சொல்வதானால் முருகவேலுக்கு ஒரு போன் செய்து அந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல், ஆபீஸில் யார் பக்கத்தில் இருந்தாலும் சரி. போன் வராவிட்டால் மருமகள் என்று போட்டுவிடுகிறேன். அவர் ஒன்றும் நினைக்கமாட்டார், உயிரோடு இருந்தபோதே ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை. கடுக்காய் காயவைத்து இடித்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன், மேடையில் பேசுகிறவளுக்குத் தொண்டைக்கு நல்லது. நம் குலசாமியும் நீ கும்பிடுகிற ஏசுவும் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் நடந்தது, அதனால் நன்றாக இரு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, ஆபீஸ் மேஜையில் வைக்காதே. உள்ளே வைத்திருக்கிற போட்டோவை மட்டும் கிழிக்காதே. உனக்குப் பன்னிரண்டு வயசில் ஹாஸ்டல்காரர்கள் நம் வீட்டு முன்னால் எடுத்தது, நீயும் நானும் நிற்கிறோம். அன்றைக்கு ஒரு ஆடு அறுத்துக்கொண்டு படத்துக்குள் ஓடிவந்துவிட்டது. வலது ஓரத்தில் பார், கயிற்றை எட்டிப் பிடித்திருக்கிற கை மட்டும் தெரியும். அது உன் அப்பாவுடைய கை. முகம்தானே ஞாபகமில்லை என்றாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாமியம்மாள்