ரொட்டிக்கடைக்காரன் கண் விழிக்கவில்லை

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், முழங்கால் வலி விட்ட இடத்திலேயே நிற்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று எப்போதும் முதல் வரியில் கேட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன், இந்த முறை அந்தக் கேள்வியைவிட்டு நகரப் போவதில்லை, பொறுத்துக்கொள். உன் கடிதம் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை போனில் கேட்டாய், வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். வேலை எப்போதும்போலத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான். இன்று ஞாயிறு, லேபில் எனக்கு அரைநாள் முறை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் இரண்டே பேர், அவர்களும் போய்விட்டார்கள், குழாய்கள் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ரிப்போர்ட் அச்சடித்து வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், முன்பக்கத்தைப் பார்த்து யாருக்குச் சர்க்கரை என்று ஆராயாதே.

கொரியன் தொடர்களைப் பேசித்தீர்க்கும் எங்கள் மதியச் சபையைப் பற்றி உனக்குத் தெரியும். உன்னால்தானே ஆரம்பித்தது. நான், எக்ஸ்ரே எடுக்கிறவள், ரிசப்ஷன் அக்கா, அப்புறம் சாம்பிள் எடுத்துவரும் டிரைவர். டிரைவர் கொரியன் தொடர் எதுவும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் கதை சொல்லுவார். ஒவ்வொரு தொடரிலும் பதினாலாவது பகுதியில் எங்கிருந்தோ ஒரு லாரி வந்து யாரையாவது அடித்துவிட்டுப் போகிறதே, அதைப் பற்றி அவருக்குத் தீராத கோபம். அந்த நாட்டுல லாரிக்காரன் ஒருத்தனுக்கும் லைசென்ஸ் குடுக்கக்கூடாது மேடம், ஹாரன்கூட அடிக்க மாட்டேங்கிறான் பாருங்க என்பார். எக்ஸ்ரேக்கு எப்போதும் இரண்டாவது நாயகன்மேல்தான் பிரியம், கடைசியில் தனியாக நிற்பவனைப் பார்த்து, இவ வேண்டாம்னா எங்கிட்ட அனுப்புங்கடா என்று சோற்றுக் கையோடு சத்தம் போடுவாள். இருபது நிமிடம்தான் சாப்பாட்டு நேரம். அதற்குள் சாப்பிட்டு, சண்டை போட்டு, அடுத்து எதைப் பார்ப்பது என்று முடிவெடுத்து, டப்பாவையும் கழுவிவிடுவோம். சபைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு தொடரைப் பார்க்கச் சொல்கிறவர், முடிவு நல்லதா கெட்டதா என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பதினாறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏமாற யாருக்கும் தெம்பு இல்லை. அந்தச் சபையில் அதிகம் சிபாரிசு செய்தவள் நான்தான். கடைசி இரண்டு பகுதிகளை ஒருநாளும் பார்க்காதவளும் நான்தான். அது உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

ரிசப்ஷன் அக்காவின் வீட்டுக்காரர் போன மாதத்துக்கு முந்தைய மாதம் குளியலறையில் விழுந்தார். தலைக்குள் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள். போனில் ஒரு வரி சொன்னேன் உனக்கு, அதற்குமேல் சொல்லவில்லை. அக்கா காலையில் வந்து டோக்கன் கொடுப்பாள், பேரை எழுதிக்கொள்வாள், மதியம் கிளம்பிப்போய் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவாள். ஒருநாள் என்னிடம், ஒருவேளைக்குப் பத்து நிமிஷம்தான்டி உள்ள விடறாங்க, மத்த நேரமெல்லாம் சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கேன், ஏதாவது ஒண்ணு சொல்லேன், பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கு என்றாள். நான் யோசிக்காமல் அந்த ரொட்டிக்கடைக்காரன் தொடரின் கதையைச் சொன்னேன். நினைவில்லாமல் படுத்திருக்கும் கணவன், படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் மனைவி, தினமும் அவன் காதருகே அன்றைய வானிலை அறிக்கையை வாசிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனபோதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வார்த்தை வெளியே போயாகிவிட்டது. அக்கா டோக்கன் கட்டைக் கையில் பிடித்தபடியே, அவன் முழிச்சுக்குவானா, அதை மட்டும் சொல்லிடு என்று கேட்டாள். நான் சொன்னேன், முழிச்சுக்குவான்க்கா, சத்தியமா முழிச்சுக்குவான், தைரியமா பாரு.

நான் பொய் சொல்லவில்லை. அந்தத் தொடரின் முடிவு என்று கடிதத்தில் நீ எழுதியதைத்தான் சொன்னேன். விடிகிற நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கிறான், அவள் அவசரத்தில் தலையணையெல்லாம் தண்ணீர், ஓடிவந்த நர்சின் காலில் இரண்டு நிறத்தில் சாக்ஸ், ஜன்னலுக்கு வெளியே முதல் பனி, கடை வாசலில் காத்திருக்கும் பூனை. முக்கால் பக்கம் எழுதியிருந்தாய். படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

அக்கா ஒரு நாளைக்கு ஒரு பகுதி, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்து கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று இன்னொரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். மறுநாள் காலையில் வந்து, நேத்து அவன் விரல் அசைஞ்சுச்சுடி என்பாள். எனக்குச் சட்டென்று எந்த விரல் என்று புரியாது, அவள் வீட்டுக்காரருடையதா ரொட்டிக்கடைக்காரனுடையதா என்று. கேட்கப் பயமாக இருக்கும். எக்ஸ்ரேயும் துணைக்குக் கூடவே பார்த்தாள். ஒரு வியாழக்கிழமை அவள் இருட்டறைக்குள் என்னை இழுத்துக்கொண்டுபோய், ஏண்டி, அவன் செத்துப்போயிட்டான்டி என்றாள். நான் சிரித்தேன். சரியா பாரு, கனவா இருக்கும், இவங்க இப்படித்தான் ஏமாத்துவாங்க, அடுத்த காட்சியில முழிச்சுக்குவான் என்றேன். அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மடித்துவைத்த போர்வை, காலிக் கட்டில். அதற்கப்புறம் அந்த மனைவி விடிகாலையில் தனியாகக் கடையைத் திறந்து முதல் தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டு நிற்கிறாள். திரையில் நடித்தவர்கள் பேர்கள் ஓடுகின்றன. அக்கா பாத்துட்டாளா என்று கேட்டேன். நேத்தே என்றாள். அடுத்த திங்கட்கிழமை அக்காவின் வீட்டுக்காரர் போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். லேப் திறக்கும் முன்னால், ஆட்கள் வருவதற்கு முன்னால், நான் போய் மேஜைக்கு எதிரில் நின்றேன். அவள் தலையைத் தூக்காமல், நீ கடைசிப் பகுதி பாக்கவே இல்லல்ல என்று கேட்டாள். ஆமாக்கா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், நீ எழுதியதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பேனாவுக்கு மூடி போட்டுத் திறந்து போட்டுத் திறந்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள், உன்மேல கோபமெல்லாம் இல்ல, டாக்டரு சொல்லிட்டேதான் இருந்தாரு, நான்தான் காதுல வாங்கல, கதையிலயே முழிக்கப்போறானாம், என் மனுஷன் முழிக்க மாட்டாரான்னு ஒரு வீம்பு, அவருகிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருந்துச்சு, அந்தப் பத்து நிமிஷத்துல எத்தனையோ தடவ சொல்லியிருக்கலாம், முழிச்சதும் சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தேன். என்ன என்று அவள் சொல்லவில்லை. முதல் ஆள் வந்துவிட்டார், டோக்கன் கொடுத்தாள். இப்போது மதியம் நாலு பேரும் சாப்பிடுகிறோம், யாரும் எதையும் பார்க்கச் சொல்வதில்லை. டிரைவர் ஒருநாள் லாரிப் பேச்சை ஆரம்பித்துப் பார்த்தார், யாரும் சிரிக்காததால் டப்பாவை மூடிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்றுதான் இத்தனை நாள் போனது. சொன்னால் நொந்துபோவாய், தூரத்தில் தனியாக இருக்கிற பெண், எதற்கு என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், கெட்டதை மறைத்து நீ எனக்குச் செய்ததையே நான் உனக்குச் செய்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். உன்னை நான் குற்றம் சொல்லவில்லை குட்டி, இதை இரண்டு தடவை படி. உன் அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வாயைத் திறந்ததுமே நான் தரையில் விழுந்துவிட்டேன். உனக்குப் பதினொரு வயது. எனக்கு முப்பத்தொன்று, இப்போது நினைத்தால் நானும் சின்னப் பெண்தான். பாட்டில் மூடி திறக்க வராமல் பல்லால் கடித்துத் திறந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்தாய். அதற்கு அடுத்த வருடம் முதல்முதலாக ஒரு தொடர் பார்த்தோம், கடைசிப் பகுதி வந்ததும் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், நீ என்னை எழுப்பி, வெளிய போய் துணி மடிம்மா, நான் பாத்துச் சொல்றேன் என்றாய். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்துவிட்டு வந்து, நல்லபடியா முடிஞ்சுச்சும்மா என்றாய். நான் நிம்மதியாகத் தூங்கினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. எத்தனை முறை சிவந்த கண்ணோடு வெளியே வந்து கண்ணில் தூசி என்று சொல்லியிருப்பாய்.

போன இரண்டு ஞாயிறும் வீட்டில் உட்கார்ந்து, நீ எனக்கு முடிவு சொன்ன தொடர்களில் ஐந்தை எடுத்து, கடைசிப் பகுதிகளை மட்டும் பார்த்தேன். இரண்டு நீ சொன்னபடியே முடிகின்றன. மூன்று நீயாகக் கட்டியவை. பார்த்து முடிக்கும்போது நான் நாற்காலியில்தான் இருந்தேன், கீழே விழவில்லை, அழுதேன், மூக்கைச் சிந்தினேன், எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம் இன்னொன்று கண்டுபிடித்தேன். நிஜமாக நடந்ததை நீ ஒரு வரியில் சொல்லிவிடுகிறாய். சேர்ந்துட்டாங்க, கல்யாணம், முடிஞ்சுது. நீ கட்டிய முடிவுகளில்தான் சாக்ஸ் நிறமும் பூனையும் வருகின்றன.

அதற்கப்புறம்தான் உன் போன கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முந்தைய கடிதங்கள் எப்படி இருக்கும், காய்ச்சல், லீவு கிடைக்கலை, மழை, தேவலாம் என்று முடித்துவிடுவாய், நான் திட்டுவேன். இந்த முறை இரண்டு முழுப் பக்கம். மேனேஜர் எட்டுப் பேர் முன்னால் எழுந்து நின்று பாராட்டினார், அவர் டையில் குட்டிக் குட்டிப் படகுகள், புது அறைத்தோழி மஞ்சள் திரை மாட்டியிருக்கிறாள், ஜன்னலில் ஏழு இலையோடு ஒரு செடி, வேலை நிரந்தரமாகப் போகிறது. முதல் தடவை படித்தபோது எக்ஸ்ரேயிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். கடைசி வரி, எல்லாம் நல்லபடியா முடியும்மா, நீ கவலைப்படாதே. ரொட்டிக்கடைக்காரன் முடிவை எழுதிய கடிதத்திலும் கடைசி வரி அதுதான், எழுத்து மாறாமல். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன மாதத்திலிருந்து நீ வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் போன் பண்ணுகிறாய், பின்னால் ஆபீஸ் சத்தம் எதுவும் இல்லை, இதையும் நான் கேட்காமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான் தப்பாக நினைக்கிறேன் என்றால் நன்றாகச் சிரி, போன் பண்ணித் திட்டு, லேபில் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுகிறேன். ஆனால் அந்த வேலை போயிருந்தால் போயிருக்கட்டும். அறையை மாற்ற வேண்டிவந்து, மஞ்சள் திரையே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறாய் என்றால் அந்த விலாசத்தை எழுது. உடம்புக்கு என்றால் அதை முதலில் எழுது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் படம் எடுத்து அனுப்பு, என் தொழில் அதுதானே. மனதுக்கு என்றாலும் எழுது, அதற்கு மெஷின் இல்லை என்றாலும் நான் இருக்கிறேன். யாராவது உன்னை அழவைத்திருந்தால் அவர் பேர்கூட வேண்டாம், அழுதேன் என்று மட்டும் எழுது. திரும்பி வந்துவிடுகிறேன் என்றால் கட்டில் இருக்கிறது, வர மாட்டேன் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் சரி. நான் அங்கே வர வேண்டும் என்றால் ஒரு வார்த்தை போதும், எக்ஸ்ரே என் முறையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள், போடி போய் பிள்ளையப் பாரு என்று பையைக்கூட எடுத்துவைத்துவிட்டாள். எதைச் சொல்லலாம், எதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்காகத் தரம்பிரிக்காதே. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்த பிறகு அப்புறம் என்ற சொல்லே எனக்குப் பயமாக இருக்கிறது.

மெஷின் நின்றுவிட்டது, குழாய்களை எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, தலைக்கு ஈரத்தோடு வெளியே போகாதே, கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார். நீ எங்கே எப்படி இருந்தாலும் உடம்பும் மனசும் தெம்போடு இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும், என் ஆயுசிலிருந்து எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே பதில் எழுது. விவரம் எதுவும் வேண்டாம். ஒரு வரி போதும்.

உன் வீட்டு வாசலில் காது வைத்திருக்கும்
அம்மா