கார் எங்கே நின்றது?

அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கல்லூரி வானொலியைக் கேட்க உன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்க வைத்தால் சத்தம் வீடெல்லாம் கேட்கிறது. முதல் வாரம் மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடி வந்து, "என்ன பாட்டி, மிக்ஸி காயில் போயிடுச்சா?" என்றான். "என் பேத்தி நடத்துற நிகழ்ச்சிடா, உக்காந்து கேளு" என்றேன். இப்போதெல்லாம் சனிக்கிழமையானால் அவனே வந்து டம்ளரைத் துடைத்து வைக்கிறான்.

எனக்குச் சில சந்தேகங்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் பையன்கள் வாசித்ததால்தான் நீ போடுகிற பாட்டுகளுக்குக் கராஜ் ராக் என்று பெயர் வந்தது என்றாயே, அப்போது கார் எங்கே நின்றது? வெயிலிலா? அதுகளைப் பெற்றவள் ஒன்றும் கேட்கவில்லையா? ஒரே ஒரு இசைத்தட்டுப் போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள், அப்புறம் என்ன வேலைக்குப் போனார்கள்? அந்தக் கிடாருக்கு ஏன் ஜலதோஷம் பிடித்த குரல்? வேண்டுமென்றே ஸ்பீக்கரைக் கிழித்திருப்பார்கள் என்கிறான் எலக்ட்ரீஷியன். நம்பலாமா?

ஒரு பாட்டில் பாடுகிற பையன் அவசரப்பட்டு முன்னாலேயே ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி பாடுவானே. அதைப் போடுவதற்கு முன் நீ ரேடியோவிலேயே, "பாட்டி, இந்த எடத்த விட்டுடாத" என்றாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏன் அதை வெட்டி எடுக்கவில்லை என்று போனில் கேட்டதற்கு, "வெட்டிட்டா அப்புறம் அதுல என்ன பாட்டி இருக்கு?" என்றாய்.

போன மாதம் ஒரு குழுவின் பெயரைச் சொல்ல வராமல் உனக்கு வாய் திக்கியது, சின்ன வயதில் திக்குமே, அதே மாதிரி. பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. அடுத்த வாரம் வேறொரு பெண் வந்து மடமடவென்று பேசினாள். நீ பாட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கிறாயாம், இனி மைக்கைத் தொடமாட்டாயாம். உன் அப்பா சொன்னான். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் எந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்று அவள் சொல்வதே இல்லை. எலக்ட்ரீஷியன் பாதியில் எழுந்து, "நம்ம பொண்ணு எப்ப வரும்?" என்று கேட்டான்.

இந்தக் கடிதத்தில் நிறைய அடித்துத் திருத்தியிருக்கிறேன். வேறு தாளில் சுத்தமாக எழுதச் சொன்னான் உன் அப்பா. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் சந்தேகங்களுக்குப் போனில் பதில் வேண்டாம். ரேடியோவில் சொல். கார் எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ள எலக்ட்ரீஷியனும் காத்திருக்கிறான். சனிக்கிழமை டம்ளரைத் துடைத்து வைத்திருப்போம். மெதுவாகவே சொல், தாயே. நாங்கள் எங்கேயும் எழுந்து போய்விட மாட்டோம்.

நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பாட்டி