துக்கம் கேட்க வராதவர்கள்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும். பிரஷர் மாத்திரை நாலுதான் பாக்கி.

நேற்று கல்லறைத் திருநாள். பாலக்கரைக்குப் பஸ்ஸில் போய் அக்கா கல்லறையைக் கழுவி, சாமந்தி போட்டு, நாலு மெழுகுவத்தி ஏற்றினேன். மூன்றை மழை அணைத்துவிட்டது. எரிந்த ஒன்றைப் போட்டோ எடுத்து இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். ‘அக்கா இல்லாத இரண்டாவது கல்லறைத் திருநாள்’ என்று கீழே ஒரு வரி. இன்று காலை வரை லைக் பூஜ்யம், கமெண்ட் பூஜ்யம். அக்கா போன நாளிலிருந்து, பதினான்கு மாதமாக இதே மார்க். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். பூஜ்யம் போட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் ஓர் அறிவிப்பு செய்தார். பெண்களின் போட்டோவை எடுத்துப் போலிக் கணக்கு ஆரம்பிக்கிறார்களாம். அவரவர் பக்கத்தைப் பூட்டி வையுங்கள் என்றார். பின்பெஞ்சில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "என் மூஞ்சியத் திருடி அவனுக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பூட்டிவிடலாம். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு எதற்குத் திறந்த கதவு.

செய்ய வேண்டியவை:
1. பாஸ்வேர்டு மாற்ற
2. போன் நம்பர், பிறந்த தேதி மறைக்க
3. பதிவுகளை யார் பார்க்கலாம் – மொத்தமாக அடைக்க
4. கேஸ்

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. 1, 2 முடிந்தது. கேஸ் நாளைக்கு வரும்.

பிறந்த தேதியை மறைத்தாயிற்று. தெரிந்தபோது மட்டும் யார் வாழ்த்தினார்கள்.

அமைப்புகளில் ‘ப்ளாக் செய்தவர்கள்’ என்று ஒரு பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர். மெஹருன்னிசா.

முசிறி ஸ்கூலில் அவள் சயின்ஸ், நான் கணக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட். அக்கா தினமும் இரண்டு டப்பா கட்டுவாள், ஒன்று எனக்கு, ஒன்று மெஹருக்கு. அந்தப் புளிச்சோற்றை வருஷக்கணக்காகச் சாப்பிட்டவள் அக்கா சாவுக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து, மே மாதத்தில், மூன்று நாள் தொடர்ந்து போன் செய்தாள். எடுக்கவில்லை. இத்தனை நாள் கழித்து என்ன துக்கம் வேண்டிக்கிடக்கிறது என்று போன் நம்பரையும் அடைத்தேன், பக்கத்திலும் அடைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து இல்லை.

இருபத்திரண்டு வருஷம். விட்டுத் தொலை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. சுள்ளென்று வெயில். துணி காய்ந்தது, கேஸ் வந்தது.

மூன்றாவது வேலைக்கு உட்கார்ந்தேன். பதிவுகளை யார் பார்க்கலாம் என்று கேட்கிறது. எல்லோரும், நண்பர்கள், சில நண்பர்கள், நான் மட்டும். ‘நான் மட்டும்’ என்பதை அமுக்கத்தான் போனேன். அதில் ஏற்கெனவே டிக் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதேதான்.

கல்லறை போட்டோவில் பூட்டு. அக்கா பிறந்தநாள் பதிவில் பூட்டு. ஈஸ்டருக்குப் போட்டதில் பூட்டு. பின்னால் பின்னால் போனால், மரண அறிவிப்பிலும் பூட்டு. ‘என் அக்கா ஆரோக்கியமேரி இன்று காலை ஆண்டவரில் துயில் கொண்டார். நல்லடக்கம் நாளை மாலை 4 மணி.’ அன்றைக்குப் பேச வாய் வரவில்லை, இதை மட்டும் அடித்தேன். ஸ்கூல் ஆட்கள் எல்லோரும் இதில்தானே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போன் எதற்கு என்று இருந்துவிட்டேன். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து, தினம் காலை வரும் ரோஜாப்பூத் தொல்லை தாங்காமல், முன்பே வெளியேறியாயிற்று.

அறிவிப்புக்கு முந்தின பதிவு ஆஸ்பத்திரியில் போட்டது. அக்காவின் மாத்திரைச் சீட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும். தாளெல்லாம் தொலைகிறதே என்று புலம்பினேன். போட்டோ எடுத்து உங்கள் பக்கத்திலேயே போடுங்கள், உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம் என்று வார்டு நர்ஸ் பெண் செய்து காட்டினாள். உபகாரம்தான் செய்தாள். ஒரு தடவை அப்படி வைத்தால் நாம் மாற்றும்வரை அடுத்தடுத்த பதிவுக்கும் அதுவே நிற்கும் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

நம்பிக்கை வராமல் கீழ்வீட்டு வைதேகி மாமியிடம் போய், அவர் போனில் என் பக்கத்தைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். "கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒண்ணு போட்டிருக்கேள். ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே காணோமே, டீச்சர்" என்றார். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். அக்கா சாவு என்றேன். "உங்களுக்கு அக்கா இருந்தாளா? சொல்லவே இல்லையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்தில் இந்த மாடிக்குக் குடிவந்து பத்து மாதம். சொல்லவில்லைதான்.

அப்படியானால் மெஹருக்குத் தெரியாது. ஸ்கூலில் ஒருத்தருக்கும் தெரியாது.

மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். வேலை ஒன்றும் ஓடவில்லை.

போன வருஷ டைரியின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். அங்கே ஒரு பட்டியல், தலைப்பு ‘வராதவர்கள்’. ஹெச்.எம்., தமிழ் டீச்சர், பி.டி. சார், ஆபீஸ் கிளார்க் என்று பதினொரு பேர். முதல் பெயர் மெஹர், இரண்டு தடவை அடிக்கோடு. நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்பார்கள். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு பதினொரு பேரையும் ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். கேள்வித்தாளே கொடுக்காமல்.

ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். டீச்சர் இருக்கிறாளா போய்ச் சேர்ந்தாளா என்று இந்தப் பதினான்கு மாதத்தில் கூப்பிட்டுக் கேட்டவர்கள் யார்? பத்துப் பேர் கேட்கவில்லை. அதைப் பூட்டின் தலையில் கட்ட முடியாது. கேட்டவள் ஒருத்தி. அவளைத்தான் அடைத்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மெஹர் – ப்ளாக் எடுத்தாயிற்று. போன் நம்பரிலும்.

மரண அறிவிப்பை இப்போது எல்லோருக்கும் திறந்து வைக்கலாமா என்று யோசித்தேன். போன வருஷத் தேதியோடு தெரியும். ஊசிப்போன சோற்றைப் பந்தியில் வைத்த மாதிரி. வேண்டாம். மெஹருக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். லால்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாள், விலாசம் இருக்கிறது. சனிக்கிழமை.

நவம்பர் 8, சனி

லேசான சாரல். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து பாசஞ்சர். கூட்டமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று வாளாடி ஸ்டேஷன் வரை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கதவைத் திறந்தது மெஹரேதான். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அக்காவ ஏன் டீச்சர் கூட்டிட்டு வரல?"

மனப்பாடம் செய்தது அத்தனையும் போயிற்று. "முழங்கால் வலி" என்றது என் வாய்.

அதற்குப் பிறகு எப்படி மாற்றுவது. டீ வந்தது. என் பக்கத்தை வாராவாரம் பார்த்தாளாம், புதிதாக ஒன்றும் இருக்காதாம், பழைய கிறிஸ்துமஸ் ஸ்டாரே இருக்குமாம். அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று மே மாதத்தில் போன் செய்தாளாம். ஒருநாள் என் பக்கமே காணாமல் போக, போன் ரிப்பேர் என்று மகளிடம் கொடுத்திருக்கிறாள். அம்மா, உங்களை அவங்க அடைச்சிட்டாங்க என்று மகள் சொன்னாளாம். "நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். ஒண்ணும் தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் ஏதோ கை தவறிவிட்டது என்று உளறினேன். அவள் அதை நம்பினாளா, விட்டுக்கொடுத்தாளா, தெரியாது.

மீதி நேரமெல்லாம் அக்கா பேச்சுதான். அக்கா இன்னும் புளிக்காய்ச்சலில் வெல்லம் போடுகிறாளா, சுகர் எவ்வளவு, பல் கட்டினாளா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பாவம் என்று தெரிந்தேதான் சொன்னேன். உலகத்தில் ஒரே ஒரு வீட்டில் அக்கா உயிரோடு இருந்தாள், நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

கிளம்பும்போது எவர்சில்வர் டப்பாவில் தேங்காய்ப்பால் முறுக்கு. பல்லுக்கு மெதுவாக இருக்கிறதைப் பொறுக்கி வைத்திருக்கிறாள். "இது அக்காவுக்கு. டப்பாவ அவங்களையே கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க."

வண்டி வரும்வரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது மேஜைமேல் இருக்கிறது. திறக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல மழை. பூசைக்குப் போகவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்க முடியாது.

பதினோரு மணிக்கு மெஹருக்குப் போன். அவள் டீச்சர் என்று சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். "மெஹர், அக்கா இல்லை. போன வருஷம் செப்டம்பர்லயே போயிட்டாங்க."

இன்னாலில்லாஹி என்று சாவுக்குச் சொல்லும் துஆவை ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை.

"நேத்து முழங்கால் வலின்னீங்களே டீச்சர்."

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ், பூட்டு, பட்டியல், அடிக்கோடு, அவளை அடைத்தது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி திட்டுக்குக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. எத்தனை மணிக்குப் போச்சு என்று கேட்டாள். பக்கத்தில் யார் இருந்தார்கள், வலி இருந்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டாள். கஞ்சி, இரண்டு ஸ்பூன் என்றேன். இந்தக் கேள்விகளை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அடக்கத்துக்கு வந்த பழைய தெரு ஆட்களெல்லாம் செலவையும் ஏற்பாட்டையும்தான் கேட்டார்கள். அந்தக் கஞ்சியைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். வெகுநேரம்.

"கேள்விப்பட்டிருந்தா நான் வராம இருப்பேனா? நாளைக்கு முதல் வண்டிக்கு வரேன். துக்கத்த போன்ல கேக்கக் கூடாது டீச்சர், வீட்டுக்கு வந்துதான் கேக்கணும்."

வீட்டைப் பெருக்கினேன். அக்கா போட்டோவைத் துடைத்தேன். பால் இரண்டு பாக்கெட் சொல்லியாயிற்று. குடிவந்த இந்தப் பத்து மாதத்தில் யாரும் இங்கே வந்து உட்கார்ந்ததில்லை. இருப்பது ஒரே நாற்காலி. மாமியிடம் இன்னொன்று கேட்க வேண்டும்.