தைக்காமல் விட்ட காயம்

பருத்திப்பட்டு, ஆவடி
வெள்ளிக்கிழமை காலை

என் அன்பு மகள் ஷாரனுக்கு, அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் அந்தக் குளிரிலும் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்ற அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. இன்று காலை முதல் வேலையாக அப்பாவின் டிபன் கேரியரைக் கழுவினேன். திங்கட்கிழமை கட்டிக் கொடுத்த சோறு, ஒர்க்‌ஷாப்பிலிருந்து திறக்காமலே திரும்பி வந்து சமையலறையில் கிடந்தது. மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தில்தான் இத்தனை நாள் ஓடிவிட்டது என்று எனக்கு உறைத்தது. போனில் உன்னிடம் காலில் அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் எழவில்லை, அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

சபையில் அறுப்பின் பண்டிகை விருந்துக்குப் பெரிய அடுப்பு வேண்டுமென்று அப்பா பெயின்ட்டில் கலக்கும் தின்னர் இருந்த ஒரு காலி டிரம்மை வெட்டப் போனார். அந்த மாதிரி டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் கேஸ் தீயால் வெட்டுவார், உள்ளே தங்கின ஆவி பற்றிக்கொள்ளும் என்று அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒர்க்‌ஷாப் இருக்கும் தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. கூட வேலை செய்யும் இளங்கோ, வெறும் டிரம்முதாண்ணே, இன்னா ஆயிடப் போவுது, சட்டுனு முடிச்சிட்டு டீ குடிக்கப் போலாம் என்றானாம். தீ பட்டதும் டிரம் வெடித்து அப்பாவின் காலைக் கிழித்துவிட்டது. அவன் இப்போது ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகராமல் நிற்கிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை. தையல் போட்டு மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன் ஷாரன். கட்டு மாற்றும்போது பார்த்துவிட்டேன். சதை பிளந்து அப்படியே கிடக்கிறது, நடுவில் எலும்பு தெரிகிறது. டாக்டர் நிஷா என்னை உட்கார வைத்துச் சொன்னார், வெடித்த வேகத்தில் துருவும் பெயின்ட்டும் பேன்ட் நூலும் ஆழமாக உள்ளே போய்விட்டன, எந்தச் சதை பிழைக்கும் எது சாகும் என்று முதல் நாளே தெரியாது, இப்போது தைத்தால் உள்ளேயே சீழ் பிடிக்கும், அதனால் திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பக் கழுவி, செத்ததை வெட்டி எடுக்கிறோம் என்று. எனக்குப் புரிந்தது. உன் ஜாபஸ் பெரியப்பாவுக்குப் புரியவில்லை. தெச்சி மூடாம அறுத்துகினே கீறாங்களே, நீ காலேஜு படிச்சவதானே, ஒரு வார்த்தை கேக்க மாட்டியா என்று வராந்தாவில் எல்லார் முன்னாலும் கத்தினார்.

நேற்று மறுபடி கழுவியபோது பாதம் கறுத்திருந்ததாம், ரத்தம் ஓடவில்லை, கிருமி உடம்பில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்கிறார் டாக்டர், இன்று மதியத்துக்குள் கையெழுத்துக் கேட்கிறார். ஞாயித்துக்கெழமெ ஜெபம் முடியட்டும், அதுவரிக்கும் யாரையும் தொட உடாதே என்கிறார் பெரியப்பா. அப்பா மயக்கத்தில் இருக்கிறார், மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். மயக்க ஊசிக்கு முன் என் விரலைப் பிடித்துக்கொண்டு, அருளு, காலை மட்டும் எடுக்க உட்டுடாதே என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. நான் சொல்லும்வரை பதறி டிக்கெட் போடாதே, வேளைக்குச் சாப்பிடு, அழுகை வந்தால் தனியாக அழாதே, அறையில் கூட இருக்கும் சிம்ரனைக் கூப்பிட்டுக்கொள். இன்னும் ஒன்று, யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா வருவதற்குள் போய்க் கையெழுத்துப் போடப் போகிறேன். அப்பா கண் விழித்துக் கேட்டால், டாக்டர் எடுத்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று நானே சொல்வேன்.

உன் அம்மா,
அருள்செல்வி