சினேகா போடாத நிழல்

நவம்பர் 29, சனி

இந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் படத்தை ஆரம்பித்தாயிற்று. பின்னால் சுருளி மலை. முன்னால் திராட்சைப் பந்தல். பந்தலுக்கு அடியில் குடில். மாதாவுக்குச் சுங்குடிச் சேலை கட்டியிருக்கிறேன். தோட்டத்திலிருந்து வந்த இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நேத்துதான் மருந்தடிச்சேன். கொழந்தைய வேற எடத்துல படுக்கப் போடு” என்றார். என் வீட்டுக்காரர் அமிர்தராஜுக்கு உலகமே திராட்சைதான்.

முடித்த மட்டும் சினேகாவுக்கு அனுப்பினேன். மலையும் ஆட்களும் என் பங்கு. பெரியகுளத்தில் அவள் வெளிச்சமும் நிழலும் வாழ்த்தும் போட்டுத் திருப்பி அனுப்புவாள். மூன்று வருஷமாகப் பொங்கல், ஈஸ்டர், தீபாவளி எல்லாம் இப்படித்தான். பழைய போட்டோஷாப் 7-ஐ இன்னும் விடாதவர்களுக்கென்று ஒரு முகநூல் குழு இருக்கிறது, அதில் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. போனிலும் பேசியதில்லை. “மெயிலே போதும்க்கா” என்பாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

படம் வரவில்லை. மறுநாளே அனுப்பிவிடுவாளே.

டிசம்பர் 5, வெள்ளி

வந்துவிட்டது. ஆனால் என்னவோ சரியில்லை.

படத்தில் ஒவ்வொரு உருவமும் தனித்தனி லேயராக, கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சினேகா ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பாள் — ‘ஆட்டுக்குட்டி காது’, ‘சூசையப்பர் தாடி’ என்று. இதில் ஒன்றுக்கும் பேர் இல்லை. வெறும் நம்பர்.

நிழலை அவள் பிரஷ்ஷால்தான் போடுவாள், மெத்தென்று, கையால் தடவினது போல. இதில் ஒரு பட்டனை அமுக்கினால் வரும் ரெடிமேட் நிழல். நட்சத்திரம் இடப்பக்கம் நிற்கிறது, மாதாவின் நிழலும் இடப்பக்கமே விழுகிறது!

வாழ்த்து அதைவிட மோசம். ‘பெருவிழா’வில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, பழைய எழுத்துரு போட்டுத்தான் அடிக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே சினேகாதான்.

உடம்பு சரியில்லையோ?

டிசம்பர் 6, சனி

“நிழல் எப்படிப் போட்டே?” என்று சாதாரணமாகக் கேட்பது போல எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: “அதுவா வந்துச்சு அக்கா.”

கூடவே ஒரு கேள்வி: “மெயிலில் அமிர்தராஜ் என்று வருகிறதே, அது யார்?”

மூன்று வருஷமாக அந்தப் பேரில்தானே வருகிறது? கம்ப்யூட்டர் வாங்கின அன்றைக்கு இவர் பேரில் போட்ட மெயில், அதையே நான் வைத்திருக்கிறேன் என்று முதல் மாசமே சொன்னேனே. அவளும் அதைச் சொல்லிச் சிரித்து எழுதினாளே.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று வந்த கேள்விகள்: வீட்டில் யார் யார்? எங்கே வேலை? உங்கள் போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா?

சினேகா இல்லை இது. வேறு யாரோ.

இவரிடம் சொன்னேன். “மூணு வருஷமா கொரலக்கூடக் கேக்காம பழகுனியே, அது பொம்பளைதான்னு எப்படித் தெரியும்?” என்றார். கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. போன வருஷம் என் மகள் ஜெஸ்லின் கோயிலில் முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைப் போட்டோக்களை அனுப்பியிருந்தேன். அவளைப் படத்தில் சிறகு வைத்த சம்மனசாக ஆக்குவதற்காக, முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி நாலைந்து. எம்புள்ள மொகம் எவன் கையில இருக்கோ? மாதாவே, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?

ஒருவேளை முதலிலிருந்தே சினேகா என்று ஒருத்தி இல்லையா?

டிசம்பர் 11, வியாழன்

பழைய மெயில்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். இல்லை, அவள் இருந்தாள். ஆட்டுக்குட்டிக்குக் காது ஒன்று மடங்கியிருந்தால்தான் அழகு என்று எழுதின ஒருத்தி இருந்தாள். எல்லாம் மத்தியானத்தில் வந்தவை. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒன்றுகூட இல்லை. இதை ஏன் நான் முன்பே கவனிக்கவில்லை?

இப்போது வருவதெல்லாம் சாயங்காலத்தில்.

டிசம்பர் 16, செவ்வாய்

“நேரில் சந்திக்கலாமா? சனிக்கிழமை தேனி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பேக்கரி, பதினோரு மணி. நீலச் சேலையில் வருவேன். தனியாக வாருங்கள்.”

வருகிறேன் என்று எழுதிவிட்டேன். தனியாகவாம்!

டிசம்பர் 20, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஒரு மேசையில், இவர் அடுத்த மேசையில். நீலச் சேலை யாரும் வரவில்லை. மூலையில் ஒரு ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், டீயைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த ஒவ்வொரு ஆணையும் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

திராட்சை வியாபாரி ஒருவர் உள்ளே வந்தவர், “என்ன அமிர்தராஜ், தேனிப் பக்கம்?” என்று சத்தமாகக் கேட்டார்.

மூலையில் இருந்தவர் எழுந்த வேகத்தில் டீ கொட்டியது. நேராக இவர் முன்னால் வந்து, “நீதான் அமிர்தராஜா? எம்பொண்டாட்டிக்குப் படம் அனுப்புறவன் நீதான?”

இவர் விழித்தார். நான் எழுந்தேன். “அனுப்புறது நான். ரோஸ்லின். இவுக பேர்ல இருக்கிற மெயில் அது.”

“பொம்பளை பேர வச்சு எழுதுற ஆம்பளைகள எனக்குத் தெரியாதா?” என்று என்னிடமே சொன்னார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

“அப்ப சினேகா பேர்ல எனக்கு எழுதுனது யாரு?”

அவர் வாசலைப் பார்த்தார்.

“சினேகா எங்க?”

“வீட்டுல.”

“உசுரோட இருக்காளா?” என்று கேட்டுவிட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்? ஆனால் அந்த நேரம் அதுதான் வந்தது.

“என்ன பேச்சு பேசுறீக!” என்றார். பேர் மதன்குமாராம். பகலெல்லாம் மாங்காய் மண்டியில் வேலை. இன்னொரு நாள் வாருங்கள் என்று இழுத்தார். இவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “இன்னொரு நாள் என்ன? அங்கன பெரியகுளம் பஸ் நிக்குது. நடங்க தம்பி.”

பெரியகுளத்து வீட்டில் கதவைத் திறந்தவள் ஒல்லியாக, முழங்கை வரை மாவோடு நின்றாள். கணவரைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ரோஸ் அக்காவா?”

எவ்வளவு சின்னக் குரல்! மாவுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னாகக்கா. உங்க நம்பரும் எங்கிட்ட இல்ல. பதிலே போடலையேன்னு கோவிச்சிருப்பீகன்னு நெனச்சேன்.”

“கெட்டுப்போகல ஆத்தா. உம்பேர்ல எனக்குப் பதில் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

சினேகா கணவர் பக்கம் திரும்பினாள். “படத்தையும் நீங்கதான் போட்டீகளா?”

“யூடியூப்ல பாத்துப் போட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் சிரிக்கவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா உண்மையச் சொல்லுவியா?”

எங்கள் எதிரிலேயே கேட்டார். திட்டுகிற மாதிரிக்கூட இல்லை, சாதாரணமாக. சினேகா என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி, மாவுச் சட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். ஜெஸ்லின் போட்டோக்களை மதன்குமார் என் கண் முன்னால் அழித்துக் காட்டினார். வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை என்றார். நம்புவதா?

பஸ்ஸில் இவர் கேட்டார், “மெயில் பேர மாத்திப்புடுவமா?” நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் யாருக்கு எழுதுகிறேன் என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. நம்பிக்கையா, நினைப்பே இல்லையா? இதையும் கேட்கவில்லை நான்.

டிசம்பர் 25, வியாழன்

பூசைக்குப் போய் வந்தோம். குழுவில் எங்கள் படம் இல்லாத முதல் கிறிஸ்மஸ். சினேகாவிடமிருந்து ஒன்றும் இல்லை. நாங்கள் போய் வந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்ததோ? போனது அவளுக்கு நல்லதா, கெட்டதா?

ஜனவரி 3, சனி

தெரியாத நம்பர். எடுக்கவே யோசித்தேன்.

“அக்கா, நாந்தான். புது சிம் வாங்கியிருக்கேன். எம்பேர்லயே.” அப்புறம், “அந்தக் கம்ப்யூட்டர்ல இனிமே நான் உக்கார மாட்டேன். அவுகளே வச்சுக்கிறட்டும். பொங்கல் படம் போட உங்க வீட்டுக்கு வரட்டா?”

“அடிச்சாரா?” என்றேன்.

“இல்லக்கா. பேசுறதில்ல. நாந்தான் பேசுறதில்ல.”

ஜனவரி 10, சனி

பத்து மணி பஸ்ஸில் வந்தாள். தனியாக இல்லை, மதன்குமாரும் கூட.

அவர் முன்னறையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றும்போதே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். “வேற யாரும் இல்லையா?” இவர் ஒரு தட்டு நிறையத் திராட்சையைக் கொண்டுவந்து வைத்து, கொடியை வெட்டிக் கவாத்து செய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் ஒன்றைக்கூட எடுத்து வாயில் போடவில்லை.

நாங்கள் உள்ளறையில். பானை நான் வரைந்து வைத்திருந்தேன். சினேகா என்னை நகரச் சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தாள். மூன்று வருஷமாக மெயிலில் வந்ததெல்லாம் இந்த விரல்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கி வழிகிற பால் ஒவ்வொரு சொட்டாக உருண்டு திரண்டது.

மதன்குமார் வாசலில் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். “இன்னும் எவ்வளவு நேரமாகும்? ரெண்டு மணிக்கு பஸ்ஸு.”

“முடியுற வரைக்கும் ஆகும்” என்றாள், திரும்பாமல்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். சினேகா எழுந்து போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை, வெறுமனே சாத்தினாள். வந்து உட்கார்ந்தாள். வெளியே அவர் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

இரண்டு மணி பஸ் போய்விட்டது.