தாடை வரைக்கும் ஒரு மீட்டர்

டீச்சர்,

இன்று காலை கரும்பலகை துடைப்பதற்காக ஒரு சிறுமி பனியன் துணிக் கழிவு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறாராம். சலவைத்தூள் வாடை இன்னும் போகாத வெள்ளைத் துண்டுகள். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தேன். நீண்டது. விட்டதும் சுருங்கிக்கொண்டது. உடனே உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கோபம் மட்டும் குறைந்தபாடில்லை.

நமக்கு இருந்தது ஒரே நீளக் கூடம். கிழக்குக் கோடியில் உங்கள் மூன்றாம் வகுப்பு, மேற்குக் கோடியில் என் நான்காம் வகுப்பு. நடுவில் தடுப்பு கிடையாது. என் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லும்போது உங்கள் பிள்ளைகள் தரையில் தவழ்ந்துகொண்டிருப்பார்கள். புளியங்கொட்டையைக் குவிப்பார்கள், பங்கு பிரிப்பார்கள், மறுபடி குவிப்பார்கள். கொட்டாங்குச்சியில் தராசு கட்டி, எது கனம் என்று சண்டை போடுவார்கள். என் வகுப்பில் பாதித் தலைகள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டியே எனக்கு மணிக்கட்டு வலிக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் உங்களிடம் வந்து நிற்காத வாரம் கிடையாது. நீங்களும் உடனே வருத்தம் தெரிவிப்பீர்கள். பத்து நிமிடத்தில் பழைய சத்தம் திரும்பிவிடும்.

மீட்டரும் கிலோவும் புதிதாக வந்த சமயம் அது. நமக்கே அவை சரியாகப் பிடிபடவில்லை. பிள்ளைகளின் வீடுகளில் முழமும் கஜமும்தான் பேச்சு. நான் "நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஒரே குரலில் சொல்ல வைத்தேன். நீங்கள் சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் கரியால் கோடு போட்டீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் அதை ஒட்டி நின்று, தன் உடம்பில் அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தனுக்குத் தோள், ஒருத்திக்குத் தாடை, எல்லோரிலும் குள்ளமான ஒருவனுக்கு மூக்கு. அன்றைக்கு அவன் அழுததும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் பனியன் துண்டுகளைக் கொடுத்து அளக்கச் சொன்னீர்கள். ஒரே துண்டு நாலு பேர் கையில் நாலு அளவு சொன்னது. கூடம் இரண்டுபட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. இழுத்தால் நீளும் துணியை வைத்தா அளவு சொல்லிக் கொடுப்பது என்று, பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"ஆரு இழுத்தாங்கன்னு அவிங்களே கண்டுபிடிக்கட்டுமுங்க டீச்சர்" என்று சிரித்தீர்கள்.

கண்டும் பிடித்தார்கள். யாரும் தொடாமல் துணியைத் தரையில் கிடக்கவிட்டு அளக்க வேண்டும் என்று மதியத்துக்குள் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்குள் என் வகுப்பில் நான் நடத்தியிருக்க வேண்டிய இரண்டு பாடம் வீணாகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த நாளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் உங்கள் பக்கம் போனார். ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டார். மாராத்தாள் எழுந்தாள். கையைத் தட்டையாக வைத்துத் தன் தாடையைத் தொட்டாள்.

"இவ்வளவுங்க. எனக்குத் தாடை வரைக்குமுங்க."

அவர் கேள்வியைத் திரும்பச் சொன்னார். அவளோ பக்கத்திலிருந்தவளை எழுப்பி நிறுத்தி, இவளுக்குத் தோள் வரைக்கும் என்று காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் நடுவில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நூறு என்று உதட்டையாவது அசைத்திருக்கலாம். சும்மா நின்றீர்கள். அப்புறம் என் பக்கம் வந்தார். நாற்பது பிள்ளைகளும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். அவர் தலையசைத்து, நல்ல வகுப்பு என்றார். ஹெட்மாஸ்டருக்கு அப்போதுதான் முகத்தில் உயிர் வந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒழுங்கில்லை, பாடம் நடக்கவில்லை என்று அவர் எழுதிவிட்டுப் போனார். மறுநாளே ஹெட்மாஸ்டர் உங்கள் கொட்டாங்குச்சிகளை வெளியே எறியச் சொன்னார். சுவரிலிருந்த கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள்.

இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. இன்ஸ்பெக்டர் போன அன்று சாயங்காலம், மணி அடித்த பிறகு, என் வகுப்பிலேயே உரக்கச் சொன்ன சுப்பிரமணியை நிறுத்தினேன். ஒரு மீட்டர் எவ்வளவு என்று கையால் காட்டச் சொன்னேன். அவன் முதலில் கரும்பலகையைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தூக்கி, ஒரு சாண் இடைவெளி விட்டுக் காட்டினான். "நூறு சென்டிமீட்டருங்க டீச்சர்" என்றான், சந்தேகமே இல்லாமல். இன்னும் மூன்று பேரைக் கேட்டேன். ஒருவன் நாலு விரல் காட்டினான்.

அப்போதே ஹெட்மாஸ்டரிடம் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அறைக்கு இருபது அடி கூட இல்லை. போகவில்லை. அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது, டீச்சர். ஏழு வருட வேலையில் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது உங்களைக் குண்டடம் பக்கம் மாற்றியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். உங்கள் வகுப்பையும் சேர்த்து என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தடுக்க ஆளில்லாததால் ஒரு நாள் நானும் புளியங்கொட்டை கொண்டுவந்தேன். உங்கள் கையில் அது கணக்காக மாறியது. என் கையில் புளியங்கொட்டையாகவே இருந்தது. ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டான். இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். துணியைக் கொடுத்தால் கிழித்தார்கள். சுவரில் கோடு போட்டேன். எட்டிக் குதித்து விளையாடினார்கள். ஒரு மாதம் போராடிவிட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். அழுகையாக வந்தது. இவ்வளவு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு ஒன்றும் சொல்லித் தராமல் போய்விட்டீர்களே என்று உங்கள் மேல்தான் ஆத்திரம். நான் கேட்டதெல்லாம் சத்தத்தைக் குறைக்க மட்டும்தான் என்பது அப்போது மறந்துபோயிருந்தது.

பல வருடம் கழித்துப் பல்லடத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் உங்களைப் பார்த்தேன். இளைத்திருந்தீர்கள். டீக்கடை வாசலில் நின்று, உங்கள் புளியங்கொட்டைப் பாடம் எனக்கு ஏன் வரவில்லை என்று நேராகவே கேட்டேன். எப்படிச் செய்தேன் என்று விவரமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்.

"ஏனுங்க டீச்சர், கொழந்தைக தப்பாச் செய்யறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

திருத்துவேன் என்றேன். வேறென்ன செய்வது?

"எத்தன நேரங் கழிச்சுங்க?"

நீங்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சுப்பிரமணி சாண் காட்டியதை அங்கேயாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உங்கள் பஸ் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த கூட்டத்தில், காய்ச்சலில் நீங்கள் போன செய்தியை யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதற்குள் இருபது நாள் ஆகியிருந்தது.

இன்னும் வகுப்பெடுக்கிறேன். பிள்ளை தப்பாகக் கூட்டும்போது பொறுத்திருக்க முயற்சி செய்கிறேன். பத்து எண்ணுவதற்குள் வாய் தானாகத் திறந்து விடையைச் சொல்லிவிடுகிறது. இந்த வயதிலும் என் வாய் எனக்கு அடங்கவில்லை.

போன மாதம் மண்ணரையில் கடைக்குப் போயிருந்தேன். ஒரு வாலிபன் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொன்னான். நம் பள்ளியில் படித்தவனாம். லாரியில் பனியன் பேல் மூட்டைகளை ஏற்றிப் போகிறானாம். முகம் நினைவில்லை.

"மறக்க முடியுமுங்களா டீச்சர்? கயித்தப் புடிச்சுட்டு ஒரு கிலோமீட்டர் அளந்துட்டே எங்கள நடக்க வெச்சீங்க. இப்பவும் ரோட்டப் பாத்தாலே தூரஞ் சொல்லிப் போடுவனுங்க."

அன்றைக்கு வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதற்காக ஹெட்மாஸ்டரிடம் உங்களைப் பற்றிப் புகார் சொன்னவளே நான்தான். அது நானில்லை என்றேன். கிழக்குப் பக்கம் இருந்த டீச்சர் என்று உங்கள் பெயரைச் சொன்னேன். அவன் விழித்தான். கண்ணாடி போட்டவர், நெற்றியில் சின்னத் தழும்பு என்றெல்லாம் அடையாளம் சொன்னேன். அவனுக்கு நினைவு வரவில்லை. கயிறு நினைவிருக்கிறது, நடந்தது நினைவிருக்கிறது, நடத்திக் கூட்டிப்போனவர் மட்டும் நினைவில்லை.

"ஆரோ ஒரு டீச்சருங்க" என்றான் மரியாதையாக.

விடவில்லை. உங்கள் பெயரை நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். இன்னொரு தடவையும் சொல்ல வைத்தேன். வேறெப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, டீச்சர். ஒப்பிக்க வைக்கத்தான் எனக்குத் தெரியும்.