மச்சான் சுரண்டிய கோடு

என் மச்சானுக்கு,

உங்கள் கருமாதிக்கு வந்தவர்களெல்லாம், "கண்ணு மங்குனதுலதானுங்க மனுசன் ஒடைஞ்சு போனாரு" என்றார்கள். அக்கா தலையாட்டினாள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். சே, நானெல்லாம் ஒரு மனுசனா?

உங்கள் கண் மங்கவே இல்லை, மச்சான்.

தொண்ணூற்று நாலில் கணபதியில் இருந்த நம் சர்வே ஆபீசுக்கு ஜி.பி.எஸ். கருவி வந்தது நினைவிருக்கிறதா? கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஆனைமலை அடிவாரத்துக் குடிநீர்க் குழாய்க்கு நீங்கள் படம் வரைந்து முடித்திருந்த நேரம். எல்லைக் கற்களின் மேல் கருவியை வைத்து, அது காட்டிய எண்களை உங்கள் படத்தில் குறித்தேன். எல்லாமே வடமேற்கே இருநூறு மீட்டர் போலத் தள்ளி விழுந்தன. ஆபீசில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "மச்சான், உங்க படம் தப்புங்க. சேட்டிலைட்டு பொய் சொல்லாதுங்க."

"மெசினு சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மாப்ள. எனக்குத்தான் கண்ணு போயிருச்சாட்ட இருக்குது" என்றீர்கள். அரை பிளேடை எடுத்து மை காய்ந்த கோடுகளை மூன்று நாள் சுரண்டி, மாற்றி வரைந்தீர்கள். அதன்பிறகு பேனாவைத் தொடவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. என்னை நம்பினீர்கள்.

அடுத்த வாரமே கருவியோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். பூமியின் வடிவம் இது, அளவு தொடங்கும் இடம் இது என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் வரைபடம் போடுகிறார்கள். அதற்கு டேட்டம் என்று பெயர். நம் நாட்டு வரைபடங்களுக்கு ஒரு டேட்டம், கருவிக்கு உலகம் முழுதுக்குமான வேறொன்று. ஒரே கல்லுக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும். கருவியில் டேட்டத்தை மாற்றிவிட்டு அதே கற்களிடம் போனேன். எல்லாம் நீங்கள் வரைந்த இடத்துக்கே வந்துவிட்டன.

உங்களிடம் சொன்னேனா? இல்லை. நீங்கள் சுரண்டுவதற்கு முன் எடுத்த பிரிண்ட் ஒன்று பீரோவில் கிடந்தது. அதைச் சத்தமில்லாமல் குழாய் போடுகிறவர்களுக்கு அனுப்பிவிட்டு, மாற்றி வரைந்ததை ஒளித்து வைத்தேன். அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்டேன்! "வா மாப்ள" என்று நீங்கள் நகர்ந்து இடம் கொடுக்கும்போதெல்லாம் வாய்வரை வந்தது. அத்தனை பேர் முன்னால் பேசிய பேச்சு என்னைத் தடுத்தது. தப்பு என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

நேற்று ஆனைமலைப் பக்கம் போனேன். குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் உங்கள் பழைய கோட்டில்தான் வருகிறது, மச்சான். உங்களைக் கூட்டிப்போய் ஒரு தடவை காட்டியிருக்கலாமே.

ஞாயிறன்று அக்காவிடம் சொல்லிவிடுவேன். திங்களன்று அதே ஆபீசில், அதே ஆட்கள் முன்னால், நீங்கள் சுரண்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வேன். அக்கா இனி எனக்கு இலை போடுவாளோ என்னவோ. போடாவிட்டாலும் சொல்வேன்.

மச்சான் என்று கூப்பிட வாய் கூசும்,
உங்கள் மச்சினன்